நர்சம்மாவின் பதிவேட்டில் இல்லாத நோய்

1886-ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் முத்துலட்சுமி பிறந்தார். மூன்று நாள் கழித்து, ஆகஸ்ட் 2 அன்று, திருவிதாங்கூரில் மேரி புன்னன் பிறந்தார். முன்னவர் பையன்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் ஒற்றைப் பெண்ணாக இடம் வாங்கி, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னவருக்குப் பெண் என்ற காரணத்தாலேயே திருவனந்தபுரத்தில் அறிவியல் பாடம் மறுக்கப்பட்டது. அவர் வரலாறு படித்து, பிறகு லண்டனுக்குப் போய் மருத்துவரானார். 1938-இல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் பதவியை ஏற்றார். இந்தியாவில் அப்பதவிக்கு வந்த முதல் பெண் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ்தான்.

இந்த இரண்டு பேரின் பணிகளும் தென்காசி வட்டாரத்தைத் தொட்டவை. தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணத்தில் இருந்தன. கூப்பிடு தூரத்தில் உள்ள செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரையும் பின்னர் அது இணைந்த திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்திருந்தது. இரண்டு ஆட்சிகளிலும் பெண்ணுக்குப் பெண்ணே வைத்தியம் பார்க்கும் ஏற்பாடு ஏறக்குறைய ஒரே காலத்தில் வளர்ந்தது. 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டமான தென்காசி, இந்த இரண்டு மரபுகளுக்கும் வாரிசு.

அந்த மரபின் வெற்றி கண்கூடு. 2018-20 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய் இறப்பு 54. இந்தியச் சராசரி 97. ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் இன்று மருத்துவமனையில்தான். ஆனால் பிரசவத்தில் சாகாமல் காப்பாற்றப்பட்ட அந்தத் தாய், கடனும் கவலையுமாக வீட்டுக்குள் ஒடுங்கிப்போனால் அதைக் கேட்க யார் இருக்கிறார்கள்? வீடு வீடாகப் போகும் பெண் சுகாதாரப் பணியாளரின் பதிவேட்டில் மனதுக்கு ஏன் இடமில்லாமல் போனது? இப்போது இடம் கொடுத்தால் என்ன நடக்கும்? வறுமையே காரணமாக இருக்கும்போது அவரால் என்னதான் செய்ய முடியும்? இந்தக் கட்டுரை ஆராய முயல்வது இவற்றைத்தான்.

வாசல் தாண்டிய பெண்கள்

ஆண் மருத்துவரிடம் உடம்பைக் காட்டக் கூச்சப்பட்ட பெண்களுக்காக 1885-இல் சென்னையில் கோஷா மருத்துவமனை தொடங்கியது. மேரி ஷார்லிப் அதற்கு வித்திட்டவர். அதே ஆண்டில் பெண்களுக்கு மருத்துவ உதவி தர லேடி டஃபரின் நிதி உருவானது. ஆனால் மருத்துவமனை கட்டினால் மட்டும் கிராமத்துப் பெண் வந்துவிடவில்லை. பிரசவம் வீட்டில், பரம்பரை மருத்துவச்சியின் கையில்தான் நடந்தது. 1903-இல் அந்த மருத்துவச்சிகளுக்கே பயிற்சி தர விக்டோரியா நினைவு நிதி ஏற்படுத்தப்பட்டது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். நெல்லைச் சீமையில் டோனாவூரில் 1901 முதல் ஆதரவற்ற குழந்தைகளுக்கான ஏமி கார்மைக்கேலின் பணி நடந்தது. திருவிதாங்கூரில் மேரி புன்னன் லூக்கோஸ் பிரசவ உதவிக்குப் பெண்களைப் பயிற்றுவித்தார். நாகர்கோவிலில் காசநோய் மருத்துவமனை அமையக் காரணமானார்.

இந்த முன்னோடிகள் நோயையும் வறுமையையும் பிரித்துப் பார்க்கவில்லை. முத்துலட்சுமி ரெட்டி மருத்துவராகவே நின்றிருக்கலாம். 1927-இல் சென்னைச் சட்டமன்றத்தின் துணைத் தலைவரானார், தேவதாசி முறைக்கு எதிராகச் சட்டம் கொண்டுவரப் பாடுபட்டார், 1930-இல் ஆதரவற்ற சிறுமிகளுக்காக அவ்வை இல்லம் தொடங்கினார். மருந்து, தங்குமிடம், படிப்பு மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு பெண் தேறுவாள் என்பது அவர் அனுபவத்தில் கண்டது. அமெரிக்காவிலும் இதே கதைதான். நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளில் 1893 முதல் வீடு வீடாகச் செவிலியரை அனுப்பிய லிலியன் வால்டும், இல்லினாய் மாநிலத்தின் ஏழை விடுதிகளையும் மனநோய் விடுதிகளையும் நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுதிய ஜூலியா லாத்ரப்பும் ஏழ்மை, பிள்ளைப்பேறு, சித்தம் கலங்குதல் எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் கண்டவர்கள்.

அரசு இந்த வேலையைத் தன் கையில் எடுத்தபோது அது அகலமானது. கூடவே குறுகலும் ஆனது. 1939-இன் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் தாய்சேய் நலத்துக்கென்று தனி அத்தியாயம் ஒதுக்கியது. இந்தியாவில் இப்படியொரு சட்டத்துக்கு அதுவே முன்னோடி. பக்கத்து இலங்கையில் 1926-இலேயே களுத்துறையில் சுகாதாரப் பிரிவு தொடங்கி, மருத்துவமாதுகள் வீடுகளுக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். 1946-இல் சுகாதாரம் பற்றிய போர் (Bhore) குழு அறிக்கை. 1973-இல் கர்தார் சிங் குழு அறிக்கை. பல வேலைகளையும் ஒருவரே பார்க்கும் பல்நோக்குப் பணியாளர் என்ற கருத்து இந்த இரண்டாவது அறிக்கையில் உருவானது. தமிழ்நாட்டில் அவர்தான் கிராம சுகாதார செவிலியர், ஊர்வாயில் நர்சம்மா. சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு.

ஆனால் அந்த நர்சம்மாவின் பல ஆண்டுகள் குடும்பக் கட்டுப்பாட்டு இலக்கை எட்டுவதிலேயே கழிந்தன. மாதம் இத்தனை பேரை அறுவைக்குக் கூட்டி வர வேண்டும் என்ற கெடுபிடி 1996-இல்தான் அதிகாரபூர்வமாக நீங்கியது. எதை எண்ணச் சொன்னார்களோ அதைத்தான் அவர் எண்ணினார். எண்ணச் சொன்னவை கர்ப்பம், தடுப்பூசி, எடை, அறுவை. தூக்கமின்மையையோ அழுகையையோ எண்ணச் சொல்லி எந்தச் சுற்றறிக்கையும் அவருக்கு வரவில்லை.

மதிலுக்குள் இருந்த மனநலம்

மனநோய்க்கான ஏற்பாடு முற்றிலும் வேறு தடத்தில் போனது. 1794-இல் சென்னையில் தொடங்கிய புகலிடம், 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. நோயாளியை ஊரிலிருந்து பிரித்து மதிலுக்குள் வைப்பதே அக்கால வைத்தியம். தென்காசியில் ஒருவருக்குச் சித்தம் கலங்கினால் அரசு காட்டிய வழி, அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அந்த மதில்தான்.

அதை உள்ளிருந்தே மாற்றியவரும் ஒரு பெண். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படும் சாரதா மேனன், 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தார். மருந்தோடு தொழிற்பயிற்சியும் மறுவாழ்வும் வேண்டும் என்று செயல்பட்டார். ஓய்வு பெற்றபின் 1984-இல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கி, மனச்சிதைவு நோயாளிகள் குடும்பத்தோடு வாழ வழி தேடினார். வேலூர் பாகாயத்தில் 1957-இல் அமைந்த மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்தது.

1970-களில் இந்தியா ஒரு முக்கியமான சோதனை செய்து பார்த்தது. சண்டிகர் அருகே ராய்ப்பூர் ராணியிலும் பெங்களூரு அருகே சகலவாராவிலும் ஆரம்ப சுகாதார நிலையப் பணியாளர்களுக்கு மனநோயைக் கண்டறியக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்களால் முடிந்தது. அதன் பலனாக 1982-இல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. 1996-இல் மாவட்ட மனநலத் திட்டமாக அது இறங்கியபோது முதலில் எடுத்த மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. ஆனால் நடைமுறையில் அது மனநல மருத்துவர் குறித்த நாளில் முகாமுக்கு வந்து மாத்திரை தரும் ஏற்பாடாகவே பெரும்பாலும் நின்றது. பெங்களூருவின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான பாதிப்புகள் உள்ளவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சிகிச்சையே கிடைக்கவில்லை. அந்தக் கணக்கெடுப்பு நடந்த 12 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

ஆக, இரண்டு தடங்கள். ஒன்றில் வீட்டு வாசல் வரை போகும் பெண் இருந்தார். மனம் பற்றிய பயிற்சி அவருக்கு இல்லை. மற்றதில் அறிவு இருந்தது. வாசலுக்குப் போக ஆள் இல்லை.

பீடித் தட்டும் வட்டிக் கணக்கும்

தென்காசி மாவட்டத்தில் வறுமைக்குத் தனி முகம் உண்டு. குற்றாலச் சாரலைப் பார்த்து வருபவர்களுக்கு அது தெரியாது. கடையம், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் எந்தத் தெருவில் நடந்தாலும் திண்ணையில் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றும் பெண்களைக் காணலாம். இலையை நனைத்து, அளவுக்கு வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, முனை மடக்க வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கொடுத்த இலை மட்டமாக இருந்தால் எண்ணிக்கை குறையும். குறைந்ததற்குக் கைக்காசு போட வேண்டும். தரம் போதாது என்று கழிக்கும் பீடிக்கும் கூலி கிடையாது. குனிந்த கழுத்து நிமிராமல் ஒரு நாள் முழுக்கப் போகும். 1966-இல் பீடித் தொழிலாளர் சட்டமும் 1976-இல் நலநிதிச் சட்டமும் வந்தன. ஆனாலும் வீட்டுத் திண்ணையே தொழிற்கூடமாக இருக்கும்போது, வேலைநேரம் என்பதும் ஓய்வு என்பதும் காகிதத்தில் மட்டுமே இருக்கும்.

நர்சம்மா அந்தத் திண்ணைக்குப் போகிறார். கைப்பையில் ரத்த அழுத்தக் கருவி, மாத்திரைகள், பதிவேடு. கர்ப்பிணி மருமகளின் எடையையும் அழுத்தத்தையும் குறித்துக்கொள்கிறார். பக்கத்தில் மாமியார் தட்டிலிருந்து கண்ணெடுக்காமல் சொல்கிறார்: “உறக்கமே வரமாட்டேக்கு நர்சம்மா, நெஞ்சு படபடன்னு அடிக்கு, ஒரு வேலையும் ஓடமாட்டேக்கு.” நர்சம்மா சத்து மாத்திரை தருகிறார். இரும்புச்சத்துக் குறைவும் உண்மையாகவே இருக்கும், அதனால் தவறில்லை. ஆனால் உறக்கம் ஏன் வரவில்லை என்று கேட்டால், மகளிர் குழுக்கடனின் வாரத் தவணை, மகன் வாங்கிய வட்டிப் பணம், குடிக்கும் கணவன் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். அடுத்த வீட்டில் இன்னும் மூன்று கர்ப்பிணிகள் காத்திருக்கிறார்கள். அவர் எழுந்து போகிறார்.

கடன் இங்கே உயிர்ப் பிரச்சினை. 2017 அக்டோபர் 23 அன்று, இப்போது தென்காசி மாவட்டத்தில் உள்ள ஒரு கிராமத்துக் கூலித்தொழிலாளி கந்துவட்டிக் கொடுமை பொறுக்காமல் மனைவி, இரண்டு சின்னஞ்சிறு மகள்களோடு நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்தார்; நால்வரும் பிழைக்கவில்லை. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. மிரட்டிக் கடன் வசூலிப்பதைத் தடுக்க 2025-இல் இன்னொரு சட்டமும் வந்தது. சட்டங்கள் இருக்கட்டும். அந்தக் குடும்பம் ஆட்சியர் அலுவலகத்துக்கு வரும்வரை, இவர்கள் உடைந்துபோயிருக்கிறார்கள் என்று கவனித்துச் சொல்லும் பொறுப்பு அரசில் யாருக்கும் இருக்கவில்லை.

சீசனை நம்பிய பிழைப்பும் இப்படித்தான். சாரல் பொய்த்தால் குற்றாலத்தில் எண்ணெய் தேய்ப்பவர், பழக்கடைக்காரர், ஆட்டோக்காரர் எல்லோர் வீட்டிலும் உலை தாழும். கொரோனாக் காலத்தில் அருவியில் குளிக்க நீண்ட நாள் தடை இருந்தபோது ஒரு ஆண்டு வருமானமே போயிற்று. கடையநல்லூர்ப் பக்கம் ஆண்கள் வளைகுடாவில். வீட்டையும் கடனையும் பெண் தனியே சுமக்கிறாள்.

அருவியும் சக்கரக் குழியும்

மனநலத்துக்கு இந்த மண்ணில் வழியே இல்லாமல் இருந்ததில்லை. திரிகூட ராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில், நோவு கண்ட வசந்தவல்லியின் மனத்தை அறிந்து சொல்பவள் தெருவழியே வரும் குறத்தி. வீடு தேடி வந்து உட்கார்ந்து பேசும் பெண்ணுக்கு இந்த வட்டாரத்தின் பண்பாட்டில் பழைய இடம் உண்டு.

பைத்தியம் பிடித்தவரைக் குற்றால அருவியில் நிறுத்தினால் தெளியும் என்ற நம்பிக்கை தமிழகம் முழுக்கப் பரவியது. தலை நிறைய எண்ணெய் வைத்துப் பேரருவியின் கீழ் பிடித்து நிறுத்துவார்கள். ஐரோப்பியப் புகலிடங்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் குளிர்ந்த நீரைக் கொட்டித்தான் வைத்தியம் பார்த்தன; ஆகவே நம்மவர்களை மட்டும் எள்ளி நகையாட வேண்டியதில்லை. சங்கரன்கோவிலில் கோமதி அம்மன் சந்நிதியில் உள்ள சக்கரக் குழியில் அமர்ந்தால் சித்தப்பிரமை தீரும் என்று இன்றும் குடும்பங்கள் வருகின்றன.

இவற்றில் பயன் உண்டா? தமிழகக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 நோயாளிகளை நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் கவனித்து 2002-இல் எழுதினார்கள். மருந்தின்றியே நோய்க்குறிகளின் மதிப்பெண் ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் அது ஒன்றை விளக்குகிறது: அடிக்காமல், கட்டாமல், குடும்பத்தோடு தங்கவைத்து, அன்றாட வேலையில் ஈடுபடுத்தும் இடம் எதுவானாலும் மனம் கொஞ்சம் ஆறும். மறுபக்கமும் மறக்கக்கூடாதது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்ட ஏர்வாடியில் மனநோயாளிகளுக்கான தனியார் காப்பகம் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகிச் செத்தார்கள். 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியில் கட்டுவதை அறவே தடை செய்கிறது. தீ விபத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஏர்வாடி தர்காவில் வேண்டுதலும் மருந்தும் சேர்ந்து நடக்கும் ‘தவா-துவா’ ஏற்பாடு வந்தது. நம்பிக்கையைக் கெடுக்காமல் மருந்தையும் கொண்டு சேர்க்கலாம் என்பதற்கு அது நல்ல சான்று.

ஆய்வுகள் சொல்வது

வேலூர் மாவட்டக் கிராமங்களில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், பிரசவித்த பெண்களில் 11 விழுக்காட்டினருக்குப் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வந்திருந்தது. காரணங்களாகத் தெரிந்தவை: குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு, கர்ப்பகாலத்தில் நேர்ந்த துயரங்கள், ஒத்தாசைக்கு ஆளில்லாமை. இவற்றில் ஒன்றுகூட நர்சம்மாவுக்குத் தெரியாதது இல்லை. பதிவேட்டில் எழுதக் கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

அவரால் சரிசெய்ய முடியுமா? பாகிஸ்தானில் வீடு வீடாகப் போகும் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்கு, மனம் சோர்ந்த தாய்மாரோடு எப்படிப் பேசுவது என்று பயிற்சி தந்தார்கள். 2008-இல் வெளியான முடிவின்படி, குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது அப்பணியாளர்கள் பார்த்த தாய்மாரில் 23 விழுக்காட்டினருக்கே மனச்சோர்வு நீடித்தது. மற்றவர்களில் 53 விழுக்காடு. ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் டிக்சன் சிபாண்டா 2006-இல் தொடங்கிய நட்பு பெஞ்சு திட்டத்தில், மாநகராட்சியின் வயதான பெண் சுகாதாரப் பணியாளர்களே மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து மனக்குறை கேட்கிறார்கள். கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் மருத்துவரல்லாத ஆலோசகர்களை வைத்து இதே வழியில் நல்ல பலன் கண்டார்கள்.

வறுமையைக் குறைத்தாலும் மனம் தேறுகிறது. இந்தோனேசியாவில் ஏழைக் குடும்பங்களுக்குப் பண உதவி தரும் திட்டம் போன இடங்களில் தற்கொலை 18 விழுக்காடு குறைந்தது என்று 2019-இல் ஓர் ஆய்வு காட்டியது. அப்படிப் பார்த்தால் 2023 செப்டம்பர் 15-இல் தகுதியுள்ள தமிழகக் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கிய உரிமைத்தொகையும் ஒரு மனநல நடவடிக்கைதான்.

உள்ளூரிலும் முன்மாதிரி உண்டு. தென்காசி அருகே ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், மாற்றுத்திறன் குழந்தைகளின் வீடுகளுக்கே பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்களை அனுப்புகிறது. குழந்தையின் கையையும் காலையும் பழக்கும்போதே தாயின் களைப்பையும் கேட்டறியும் வாய்ப்பு அங்கே இயல்பாக அமைகிறது.

மூன்று ஆட்சேபங்கள்

நர்சம்மாவிடம் மனநலத்தையும் ஒப்படைப்பதற்கு எழும் முதல் ஆட்சேபம், சுமை. கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி, கணினியில் ஏற்றுதல் என்று நர்சம்மா ஏற்கெனவே திணறுகிறார். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள், சர்க்கரையும் அழுத்தமும் பார்க்க ஊக்கத்தொகைக்கு வேலை செய்கிறார்கள். நியாயமான ஆட்சேபம் இது. ஹராரேயில் நடந்ததை இங்கே செய்ய வேண்டுமானால், இருக்கும் வேலையில் எதைக் குறைப்பது என்று முதலில் சொல்ல வேண்டும். ஒதுக்குப்புறத் துணை நிலையத்தில் தனியே தங்கி வேலை பார்க்கும் பெண்ணின் மனத்தைக் கேட்கவும் ஒருவர் வேண்டும்.

இரண்டாவது, ரகசியம். தன்னார்வலர் அதே ஊர், அடுத்த தெரு. சொன்னது சந்திக்கு வந்துவிட்டால்? சாதி பார்த்து வாசலோடு நின்றுவிட்டால்? இதற்குப் பயிற்சி மட்டும் போதாது. சொந்தத் தெருவைத் தவிர்த்து வேறு தெருவை ஒதுக்கும் எளிய மாற்றம் பாதிச் சிக்கலைத் தீர்க்கும்.

மூன்றாவதுதான் கனமானது: கடன்காரனுக்குப் பயந்து தூங்காதவளுக்கு மாத்திரை கொடுப்பது வறுமையை நோயாக்குவது ஆகாதா? மாத்திரையோடு நிறுத்தினால் ஆகும். ஆனால் மனம் ஒடிந்தவளால் கடனை எதிர்த்துப் புகார் கொடுக்கவும் முடியாது, நலநிதிக்கு மனுப் போடவும் முடியாது. தெளிவு வந்தால்தான் போராடத் தெம்பு வரும். முத்துலட்சுமி ரெட்டி மருத்துவத்தையும் சட்டத்தையும் ஒரே கையில் பிடித்தது இதனால்தான்.

செய்ய வேண்டியது

பிரசவத்துக்குப் பிந்தைய வீட்டு வருகையில் உறக்கம், பசி, அழுகை, உயிர்மீது வெறுப்பு பற்றிய நான்கைந்து கேள்விகளைத் தாய்சேய் நல அட்டையிலேயே அச்சிட வேண்டும். பீடித் தெருக்களில் சர்க்கரை பார்க்கப் போகும் தன்னார்வலருக்கு அதே கேள்விகளைக் கற்றுத்தர வேண்டும்; அந்த வேலைக்குத் தனி ஊதியம் தர வேண்டும். பாதிப்பு தெரிந்தால் யாரிடம் அனுப்புவது என்பது ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பெயரோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். கடன், குடிநோய், வீட்டு வன்முறை பற்றிய புகாரை நர்சம்மா எழுதினால், அது வட்டாட்சியரிடமும் சமூக நல அலுவலரிடமும் போய்ச் சேரும் வழி வேண்டும். சங்கரன்கோவிலிலும் குற்றாலத்திலும் ஏர்வாடி மாதிரியில் ஒரு சிறு மனநலப் பிரிவு வைக்கலாம்.

இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. ராய்ப்பூர் ராணியிலும் சகலவாராவிலும் ஐம்பது ஆண்டுக்கு முன்பே நிரூபித்தாயிற்று. வாசல் வரை போகும் பெண்ணை நூறு ஆண்டு உழைப்பில் உருவாக்கியும் வைத்திருக்கிறோம். அவருக்கு உட்கார்ந்து கேட்க நேரமும், கேட்டதை எழுதக் கட்டமும், எழுதியதற்குப் பதில் சொல்லும் அரசும்தான் பாக்கி.

அதுவரை வாசகர் ஒன்று செய்யலாம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது உறக்கமும் பேச்சும் குறைந்து, வாழ்க்கை வெறுத்துப்போனதாகத் தெரிந்தால், பக்கத்தில் உட்கார்ந்து என்னவென்று கேளுங்கள். மனநல உதவிக்கான டெலிமானஸ் எண் 14416, தமிழக அரசின் எண் 104. இரண்டுக்கும் கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.